காணொளியும் கழனியும்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் மொழி. கற்ற கல்வி செயலோடு சேராவிடின் பயன் தராது என்பதே அதன் பொருள். இந்நாளில் ஏட்டின் இடத்தைக் கைப்பேசியின் திரை பிடித்துக்கொண்டது. முகநூல், புலனம், யூடியூப் ஆகியவற்றில் பயிர்த்தொழில் பற்றிய காணொளிகள் மலிந்து கிடக்கின்றன. இத்திரைச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், நிலைத்த வேளாண்மை என்பது யாது எனக் காண்போம். இன்று நமக்கு வேண்டிய உணவை விளைவிக்கும்போதே, நாளை நம் பின்னோர் விளைவிப்பதற்கு வேண்டிய மண்வளத்தையும் நீரையும் குறைவின்றி விட்டுச் செல்லும் முறையே நிலைத்த வேளாண்மையாகும்.

ஊடகத்தின் வாயிலாக உழவைக் கற்பிப்பது புதிதன்று. 1960களில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம், ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் வகையைப் பற்றி உழவர்களுக்கு எடுத்துரைத்தது. தஞ்சை உழவர்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றே அழைக்கலாயினர். ஒரு விதைக்கு வானொலியின் பெயரே வழங்கிற்று என்றால், அக்குரலை அம்மக்கள் எவ்வளவு நம்பினர் என்பது விளங்கும்.

ஆயினும், செவியால் மட்டும் கற்க இயலாத தொழில்நுட்பங்களும் உள. செம்மை நெல் சாகுபடியை எடுத்துக்கொள்வோம். 1980களில் மடகாஸ்கர் தீவில் ஆன்றி தெ லோலானியே என்னும் பாதிரியார் உழவர்களோடு சேர்ந்து உருவாக்கிய முறை இது. பின்னர்த் தமிழ்நாட்டிலும் பரவியது. இம்முறையில் ஏறத்தாழ 14 நாள் வயதுடைய இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுவர். வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், 'நீர் மறைய நீர் கட்டுதல்' என்னும் முறையைப் பின்பற்றுவர். களைகளைக் கருவியால் மண்ணிலேயே அமிழ்த்துவர். இதனால் விதையும் நீரும் மிச்சமாகின்றன.

ஆனால் நட்ட முதல் வாரங்களில் அவ்வயலைக் காணும் உழவரின் நெஞ்சம் கலங்கும். மெல்லிய ஒற்றை நாற்றுகள் எட்ட எட்ட நிற்க, வயல் வெறுமையாகத் தோன்றும். கடன்பட்டுப் பயிர் செய்யும் ஒருவருக்கு ஒரு போகம் பொய்த்தால் ஓராண்டு உணவே பொய்த்துவிடும். 'தூர் கட்டும், பொறுத்திருங்கள்' என்று வாயால் சொன்னால் அவர் எங்ஙனம் நம்புவார்? முதல் நாள் நின்ற நாற்றையும் நாற்பதாம் நாள் அதே இடத்தில் செழித்து நிற்கும் தூரையும் காணொளி அடுத்தடுத்துக் காட்டும். காலத்தைச் சுருக்கிக் காட்ட வல்லது என்பதே காணொளியின் பெருஞ்சிறப்பு.

இச்சிறப்பை நன்கு பயன்படுத்திய ஒரு முயற்சியை இங்குக் குறிப்பிடுதல் தகும். 2006ஆம் ஆண்டில், பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிக்கின் காந்தியும் அவருடைய குழுவினரும் 'டிஜிட்டல் கிரீன்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் நகரத்து அறிஞரைப் பேசவைத்துப் படம் பிடிக்கவில்லை. அவ்வட்டாரத்து உழவரையே, அவருடைய வயலிலேயே, அவருடைய மொழியிலேயே செய்துகாட்டச் செய்தனர். மாலை வேளையில் ஊரார் கூடியிருக்கையில் அதனைத் திரையிட்டனர். ஊரைச் சேர்ந்த ஒருவர் இடையிடையே படத்தை நிறுத்தி வினா எழுப்புவார், ஐயங்களைக் கேட்டறிவார், யார் யார் அம்முறையைப் பின்பற்றினர் என்று பின்னர்க் குறித்துக்கொள்வார்.

கர்நாடகத்தில் 16 ஊர்களில் 13 மாதங்கள் நடைபெற்ற சோதனையில், வழக்கமான பயிற்சி முறையைக் காட்டிலும் 7 மடங்கு மிகுதியாகச் சில நன்முறைகள் உழவர்களால் ஏற்கப்பட்டன. படத்தைக் கண்டோர் பலர் முதலில் கேட்ட வினா, 'அந்த உழவர் பெயர் என்ன? எந்த ஊர்?' என்பதேயாம். நம்மைப் போன்ற ஒருவர் செய்திருக்கிறார் என்னும் நம்பிக்கையே செயலுக்கு வித்தாகிறது.

எனினும், திரையில் காண்பதெல்லாம் உண்மையாகிவிடாது. இதனை நாங்கள் பட்டே அறிந்தோம். எங்கள் பள்ளித் தோட்டத்தில் கீரைப் பாத்தியைச் சுற்றிப் புல் மண்டிக் கிடந்தது. உப்புநீர் ஊற்றினால் புல் அழியும் என்று புலனத்தில் வந்த ஒரு காணொளி கூறிற்று. நாங்களும் அவ்வாறே செய்தோம். மாலைக்குள் புல் வாடியது, மகிழ்ந்தோம். அன்றிரவு பெருமழை பெய்தது. உப்பு கீரைப் பாத்திக்குள் வழிந்தது. சில நாள்களில் கீரையும் கருகியது. மண்ணில் உப்பு மிகுந்தால் வேர்களால் நீரை உறிஞ்ச இயலாது என்பதை அதன் பின்னரே கற்றுக்கொண்டோம்.

அக்காணொளி பொய் சொல்லவில்லை. புல் வாடியது மெய்யே. ஆனால் அஃது அன்றைய மாலையோடு முடிந்துவிட்டது. மறுவாரத்தை அது காட்டவில்லை. காலத்தைச் சுருக்கிக் காட்டும் அதே கருவி, காலத்தை மறைக்கவும் வல்லது என்பதை உணர்ந்தோம்.

ஆகவே, நாங்களும் ஒரு காணொளி எடுக்க முனைந்தோம். கருகிய பாத்தியை மறைக்காமல் முதலில் அதனையே படம் பிடித்தோம். பின்னர்ச் சிற்றுண்டிச்சாலையின் காய்கறித் தோல்களையும் உலர்ந்த இலைகளையும் மாறி மாறி அடுக்கி, நீர் தெளித்து, வாரந்தோறும் கிளறிவிட்டு மக்கு உரம் செய்தோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே இடத்தில் நின்று படம் எடுத்தோம். ஒரு வாரம் குவியல் நாறியது; ஈரம் மிகுந்ததே காரணம் என்று கண்டு உலர்ந்த இலை சேர்த்தோம். அதனையும் படத்தில் விடாமல் சேர்த்தோம். மழை பலமுறை கழுவிய பாத்தியில் உரமிட்டு, மீண்டும் விதைத்தோம். கீரை முளைத்தது.

மாணவச் செல்வங்களே! பயிர்த்தொழில் பற்றிய காணொளி ஒன்றைக் காணும்போது நான்கு வினாக்களைக் கேளுங்கள். செய்துகாட்டுபவர் யார்? அவருடைய மண்ணும் மழையும் நம்முடையவை போன்றவையா? எத்தனை நாள் கழித்து விளைவைக் காட்டினார்? தவறியதையும் கூறினாரா? பிறருக்கு அனுப்புமுன், சிறிய இடத்தில் செய்து பாருங்கள். நாம் அனுப்பும் ஒரு தவறான செய்தி, முகமறியா ஓர் உழவரின் ஒரு போகத்தையே அழித்துவிடக்கூடும்.

திரைச் சுரைக்காயும் தானே கறிக்கு உதவாது. அதைக் கண்டவர் விதையைக் கையிலெடுத்து மண்ணில் ஊன்றினால்தான் கொடி படரும், காய் காய்க்கும். காண்போம், ஆராய்வோம், கைகளை மண்ணில் பதிப்போம்!