டேப் கறுத்தால் போதுமா?

கேள்வி: திண்டுக்கல்லில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சில வருஷங்களாகத் தியேட்டர் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு வந்தவள். மூத்த சிஸ்டர் சொல்லிக் கொடுத்துத்தான் எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்ததும் கத்தரி, ஃபோர்செப்ஸ் எல்லாவற்றையும் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு, சோப்புப் பவுடரில் கழுவி, டிரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவில் வைப்போம். டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டால் எடுத்துவிடுவோம். லேப்ராஸ்கோப் சாமான்களை மட்டும் சைடெக்ஸில் போட்டு, கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் அலசிக் கொடுப்போம். வெளியூர் டாக்டர் வரும் நாளில் மூன்று நான்கு கேஸ் நடக்கும். இடையில் கால் மணி, அரை மணி கிடைத்தால் பெரிது. போன சில மாதங்களில், பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட ஓர் அம்மா, வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து, தொப்புள் பக்கம் துளை போட்ட இடத்தில் சீழ்க்கட்டியோடு வந்தார். அவருக்குப் பின் இன்னொருவரும் அப்படியே வந்தார். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஆறவில்லை. என் வேலையில் தப்பா? சாமானில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? நான் யாரிடம் சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த இரண்டு நோயாளிகளைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அவசரம் அங்கேதான் இருக்கிறது.

லேப்ராஸ்கோப் ஆபரேஷன் முடிந்து, தையல் நன்றாக ஆறி, மூன்று நான்கு வாரம் கழித்துத் துளை போட்ட இடத்தில் கட்டி கிளம்புவதும், வழக்கமான ஆன்டிபயாட்டிக் எதற்கும் அது மசியாமல் இருப்பதும் நம் நாட்டு அறுவை மருத்துவர்கள் பலர் பார்த்திருக்கிற ஒன்று. பெரும்பாலும் அதற்குக் காரணம் காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில கிருமிகள். மைக்கோபாக்டீரியம் கெலோனே, மைக்கோபாக்டீரியம் ஃபார்ட்யூட்டம், மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்று பெயர். இவை தண்ணீரில் வாழ்பவை. தொட்டியின் உட்சுவரிலும் குழாயின் வழவழப்பிலும் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் இருக்கும். சைடெக்ஸ் என்று நாம் சொல்லும் குளுட்டரால்டிஹைடையே தாங்கிக்கொள்ளும் ரகங்களும் இவற்றில் உண்டு. கடிதத்தைப் படித்துவிட்டு நோயைத் தீர்மானிக்க என்னால் முடியாது. ஆனால் உங்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானது. சீழை மைக்ரோபயாலஜி பரிசோதனைக்கு அனுப்பி, ஏ.எஃப்.பி. ஸ்டெயினும் கல்ச்சரும் கேட்கச் சொல்லுங்கள். காசநோயாக இருக்கலாம் என்ற ஊகத்தில் டி.பி. மாத்திரையைத் தொடங்கிவிடுவது சரியல்ல. இந்தக் கிருமிகளுக்கு மருந்தே வேறு, அதையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிவரும். கல்ச்சர் முடிவு வரும்வரை அந்த லேப்ராஸ்கோப் செட்டை நிறுத்தி வைப்பதுதான் முறை.

இனி சைடெக்ஸ் விஷயம். 2 சதவீத குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடம் ஊறினால் சாதாரணக் கிருமிகளும் வைரஸ்களும் ஒழியும், ஸ்போர் என்கிற கடின உறைக் கிருமிகள் ஒழியாது. அவையும் போக வேண்டுமென்றால் 10 மணி நேரம் ஊற வேண்டும். அமெரிக்காவில் எர்ல் ஸ்பால்டிங் என்ற நுண்ணுயிரியலாளர் 1950களிலும் 60களிலும் வகுத்துக் கொடுத்த பிரிவைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். தோலைக் கிழித்து உள்ளே போகும் கருவியில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. வாய், குடல் போன்ற ஈரச் சவ்வைத் தொடும் கருவிக்கு உயர்தரக் கிருமிநீக்கமாவது வேண்டும். பி.பி. கருவியின் பட்டைபோல வெறும் தோலைத் தொடுவதற்குத் துடைத்தால் போதும். வயிற்றுக்குள் போகும் ட்ரோகார் முதல் வகை. அரை மணி ஊறவைத்துக் கொடுத்தால், முதல் வகைச் சாமானுக்கு இரண்டாம் வகைச் சுத்தம்தான் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது, கொதித்து ஆறின தண்ணீரில் அலசுகிறீர்கள் என்ற வரி. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. அதில் ஸ்போர் சாகாது. ஆறுவதற்காக அதை எதில் ஊற்றி வைத்தீர்கள், மூடி இருந்ததா, எந்தக் குவளையால் மொண்டீர்கள் என்ற கேள்விகள் அதற்குப் பிறகு வருகின்றன. மருந்தில் ஊறிச் சுத்தமான ட்ரோகார் அந்தப் பாத்திரத்தில்தான் மறுபடி கிருமியை வாங்கிக்கொள்கிறது. அலசும் தண்ணீரும் ஆட்டோகிளேவ் செய்த தண்ணீராக இருக்க வேண்டும், பாட்டிலைத் திறந்தால் அந்த ஒரு கேஸோடு மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

இந்த இடத்தில் வாணியம்பாடியைச் சொல்லாமல் போக முடியாது. 2022 ஜூலையிலிருந்து 2023 ஏப்ரல் வரை வட தமிழகத்தில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். வேலூர் சி.எம்.சி., சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வு 2025-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியானது. ஆய்வாளர்களின் விரல் போய் நின்றது ஒரு சலைன் பாட்டிலில். ஈறை விலக்கப் பயன்படும் கருவியாலேயே அதன் மூடியைக் குத்தித் திறந்து, மிச்சத்தைச் சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த பாட்டிலிலேயே அந்த நோயின் கிருமி இருந்தது. பர்க்ஹோல்டேரியா சூடோமாலே என்ற அது ஈர மண்ணிலும் வயல் தண்ணீரிலும் வாழ்வது. தியேட்டரில் பாதி காலியான சலைன் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எட்டுக் குடும்பங்கள் என் நினைவுக்கு வருகின்றன. கருவியை எத்தனை முறை ஆட்டோகிளேவ் செய்திருந்தாலும் அந்த பாட்டில் அத்தனையையும் வீணாக்கியிருக்கும்.

லேப்ராஸ்கோப் சாமான்களில் உலோக ட்ரோகார், கிராஸ்பர், கத்தரி எல்லாமே பெரும்பாலும் ஆட்டோகிளேவ் தாங்கும். கழற்றக்கூடிய அத்தனை பாகத்தையும், வால்வையும் ரப்பர் வளையத்தையும் சேர்த்து, கழற்றிக் கழுவிய பின் வைக்க வேண்டும். டெலஸ்கோப்பை மட்டும் பார்த்துச் செய்யுங்கள். ஆட்டோகிளேவ் செய்யலாம் என்று அதன் உடம்பிலேயே பொறித்திருந்தால் வைக்கலாம், இல்லாவிட்டால் இ.டி.ஓ. வாயுவுக்கோ பிளாஸ்மா இயந்திரத்துக்கோ அனுப்ப வேண்டும். ஒரு செட்டை வைத்துக்கொண்டு ஒரே நாளில் நான்கு கேஸ் செய்ய முடியாது. இரண்டாவது செட் வாங்க வேண்டும், அல்லது கேஸைக் குறைக்க வேண்டும். இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் டாக்டரும் நிர்வாகமும்தான். உங்கள் கை வேகத்தால் இதை ஈடுகட்ட முடியாது, முயலவும் வேண்டாம்.

அடுத்தது கழுவுவது. என் கணிப்பில் இந்த வேலையின் முக்கால் பங்கு இங்கேதான் முடிகிறது. ரத்தம் உறைந்து ஒட்டிய இடத்துக்கு அடியில் நீராவி போகாது, மருந்தும் போகாது. கழுவும் முன் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போடுவது நம் ஊர்களில் வெகுநாள் பழக்கம். முன்பு பயிற்சிகளிலேயே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கையேட்டில் அதை வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ரத்தம் பட்டதும் குளோரின் வீரியம் இழக்கிறது, எஃகையும் அரிக்கிறது. அரித்த குழிகளில்தான் அடுத்த முறை அழுக்கு பதுங்கும். அதற்குப் பதிலாக, ஆபரேஷன் முடிந்த கையோடு சாமான் காயாமல் ஈரத் துணி போட்டு மூடுங்கள். பிறகு என்சைம் கலந்த தண்ணீரிலோ நுரை அதிகம் வராத கருவிச் சோப்புத் திரவத்திலோ, புட்டியில் எழுதியிருக்கிற நேரம்வரை ஊறவையுங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், அதன் துகள் பல்லிடுக்கில் தங்கிவிடும். தேய்க்கும்போது சாமான் தண்ணீருக்குள் முழுகியிருக்கட்டும். வெளியே தேய்த்தால் துளி உங்கள் முகத்துக்குத் தெறிக்கும்.

கழுவி வைத்த ஓர் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை நாளைக்கே எடுத்துப் பாருங்கள். முழுக்க விரித்து, இரண்டு கரங்களும் சேருகிற பூட்டின் இடுக்கில் மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். பொங்கி நுரைத்தால் உள்ளே இன்னும் ரத்தம் இருக்கிறது. வெளியே கண்ணாடிபோல மின்னுகிற ஃபோர்செப்ஸில்கூட அந்த நுரையைப் பார்த்திருக்கிறேன். பார்த்த பிறகு அதை மறுபடி நன்றாக அலசிவிடுங்கள். மூடிக் கழுவினால் அந்த இடுக்குக்குப் பிரஷ் போகவே போகாது. திறந்து, சிறிய நைலான் பிரஷ்ஷால், பல்வரிசையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குழல்போன்ற சாமானுக்கு அதன் துளை அளவுக்கே பிரஷ் வேண்டும், மறுமுனை வழியாக அது வெளியே வந்தாக வேண்டும்.

ஆட்டோகிளேவுக்கு வருவோம். உங்களிடம் இருப்பது மேலே மூடி போடும் நின்ற வகை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். குக்கரில் ஆவி சீராக வந்த பிறகு வெயிட் போடுகிறோமே, காரணம் இங்கேயும் அதுதான்: உள்ளே இருக்கும் காற்று முதலில் வெளியேற வேண்டும். மீட்டர் 15 பவுண்டு காட்டலாம். காற்று முழுவதும் போயிருந்தால் உள்ளே 121 டிகிரி இருக்கும். பாதிக் காற்று நின்றுவிட்டால் அதே 15 பவுண்டில் 112தான். காற்றைக் கொஞ்சமும் விடாவிட்டால் வெறும் 100. ஆகவே எக்ஸாஸ்ட் வழியாக ஆவி விட்டுவிட்டு வராமல், சீராகப் பீறிட்டு வரும்வரை திறந்து வைத்திருந்து, அப்புறம் மூடுங்கள். 121 டிகிரியைத் தொட்ட நிமிடத்திலிருந்து துணி சுற்றிய சாமானுக்கு 30 நிமிடம் எண்ணுங்கள். சுவிட்ச் போட்ட நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. டிரம்மின் பக்கவாட்டுத் துளைகள் உள்ளே போகும்போது திறந்திருக்க வேண்டும், வெளியே வந்ததும் மூட வேண்டும். கை நுழையாத அளவுக்கு காஸும் கவுனும் திணித்தால் நடுவில் ஆவி போகாது. எடுக்கும்போது ஈரமாக இருக்கிற பேக்கைச் சுத்தமானதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈரத் துணி வழியாக வெளிக் கிருமி உள்ளே இறங்கிவிடும்.

டேப் கறுத்தால் அந்த டிரம் சூட்டைப் பார்த்திருக்கிறது என்று தெரிகிறது. சூடு பட்ட டிரம் எது, படாத டிரம் எது என்று பிரித்தறியத்தான் அது பயன்படும். நடுப் பேக்குக்குள் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. அதற்காக ஐந்தாம் வகை இண்டிகேட்டர் பட்டை கிடைக்கிறது. நேரம், வெப்பம், ஆவி மூன்றும் சரியாக இருந்தால்தான் அது தேறும். ஒவ்வொரு டிரம்மின் நடுவிலும் ஒன்று வையுங்கள். வாரம் ஒருமுறை ஸ்போர் சோதனை செய்ய வேண்டும். ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற, மனிதருக்குக் கெடுதல் செய்யாத, ஆனால் சூட்டை அசாத்தியமாகத் தாங்கும் கிருமியின் ஸ்போர் சின்னக் குப்பியில் வரும். ஒன்றை ஆட்டோகிளேவில் வைத்து, இன்னொன்றை வைக்காமல், இரண்டையும் இன்குபேட்டரில் வளர்த்துப் பார்ப்பார்கள். வைத்தது வளராமல், வைக்காதது வளர்ந்தால் உங்கள் இயந்திரம் வேலை செய்கிறது. இன்குபேட்டர் இல்லையென்றால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மைக்ரோபயாலஜி துறையிலோ நல்ல தனியார் லேப் ஒன்றிலோ கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளைப் படிவுக்குக் காரணம் உங்கள் ஊர்த் தண்ணீர். ஆத்தூர் தண்ணீரையும் காவிரித் தண்ணீரையும் குடிக்கப் பிடித்துவைத்துவிட்டு மற்ற வேலைக்கெல்லாம் போர் தண்ணீரைத் திறக்கிற ஊர் அது. நிலத்தடி நீரில் இயற்கையாகவே உப்பு உண்டு. தோல் ஷாப்புகளின் கழிவு பல பத்தாண்டுகளாக அதைக் கூட்டியது. தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் கொடுத்த தீர்ப்பில் பெயர் சொல்லப்பட்ட மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. கடின நீரில் சோப்பு சரியாக நுரைக்காது, அழுக்கு முழுதாகக் கழன்று வராது. அந்தச் சுண்ணாம்புப் படிவு கிருமிக்கு மேல் போர்வைபோல நின்றுவிடும். தண்ணீரிலிருக்கும் குளோரைடு எஃகில் புள்ளி புள்ளியாகத் துருவை உண்டாக்கும். ஆகவே அந்த வெள்ளைக்கும் நோய்த் தொற்றுக்கும் சம்பந்தம் இருக்க முடியும். முதல் கழுவலுக்குப் போர் தண்ணீர் இருந்துவிட்டுப் போகட்டும். கடைசி அலசலும் ஆட்டோகிளேவுக்குள் ஊற்றும் தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டராகவோ டி.எம். வாட்டராகவோ இருக்கட்டும். கேன் தண்ணீரை நம்பி ஊற்ற வேண்டாம். அதில் உப்பு எவ்வளவு என்று டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஹீட்டர் காயிலில் ஏற்கெனவே கல்போலப் படிந்திருந்தால் கம்பெனி ஆளை வரவழைத்து நீக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வேலையில் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். முறையாகப் பயிற்சி தராமல், தண்ணீரும் நேரமும் இரண்டாவது செட்டும் தராமல் ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைத்தவர்களின் பொறுப்பு அது. கேட்கத் தோன்றியதே, அது உங்கள் பொறுப்புணர்வு. டாக்டரிடம் போகும்போது ஒரு தாள் எடுத்துப் போங்கள். தியேட்டர் ரிஜிஸ்டரைப் பார்த்து, அந்த இருவருக்கும் ஆபரேஷன் நடந்த தேதி, எந்த செட், அன்றைக்கு எத்தனையாவது கேஸ், சைடெக்ஸ் கலக்கியது எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். கலக்கிய சைடெக்ஸ் 14 நாளைத் தாண்டக் கூடாது, அடிக்கடி பயன்படுத்தினால் அதற்கு முன்பே வீரியம் குறையும். அதே நாட்களில் ஆபரேஷன் செய்துகொண்ட மற்றவர்களையும் அழைத்து விசாரிக்கலாமா என்று கேளுங்கள். குற்றம் சொல்வதுபோல இல்லாமல் விவரமாக வைத்தால் பெரும்பாலான டாக்டர்கள் காது கொடுப்பார்கள். தங்கள் நோயாளி ஆறாமல் கிடப்பது அவர்களையும் உறுத்திக்கொண்டுதான் இருக்கும். அப்படியும் யாரும் கேட்கவில்லை, கேஸ் அதே மாதிரி தொடர்கிறது என்றால், இன்னொரு வழி இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 1997-ன்படி தனியார் மருத்துவமனைகள் பதிவு பெற்றாக வேண்டும். அதைக் கவனிப்பவர் மாவட்டத்தின் மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர். அவர் அலுவலகத்துக்கு எழுதலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் பட்ட கூரான சாமானைத் தினமும் கழுவுகிறீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, ஆக மூன்று ஊசி. கடைசி ஊசி போட்ட இரண்டு மாதத்துக்குள் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். இதற்கான செலவு நிர்வாகத்துடையது. முழங்கைவரை வரும் தடித்த ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் ஏப்ரன், கண்ணாடி மூன்றையும் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். சைடெக்ஸ் டிரேயை மூடி வையுங்கள். ஜன்னல் இல்லாத அறையில் அதைத் திறக்காதீர்கள். அதன் நெடி மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். உங்களுக்கு இருமலோ கண்ணெரிச்சலோ இருந்தால் இதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.