மழையும் பனியும் சேரும் நேரம்: மலை வீடுகளில் ஓதம் ஏறாமல் இருக்க

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கார்த்திகை மழை இன்னும் ஓயவில்லை. அதற்குள் வானம் வெளுத்த இரவுகளில் ஊட்டியின் பள்ளங்களில் உறைபனி விழத் தொடங்கிவிடும். வீடு நனைவதும் குளிர்வதும் ஒன்றாக வரும் இந்த நேரத்தில் விட்டுவிட்டால், தை முடியும்வரை பூசணத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

முதலில் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில் அந்தப் பக்கத்துச் சுவர்தான் முதலில் ஊறும். சரிந்த மண்ணும் இலைதழையும் சுவரை ஒட்டிக் கிடந்தால் அள்ளிப் போடுங்கள். பின்வாய்க்காலில் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும். தடுப்புச் சுவரில் நீர் வடிய விட்டிருக்கும் குழாய்களைக் கம்பியால் குத்தி அடைப்பெடுங்கள். நல்ல மழைக்குப் பிறகும் அவை சொட்டாமல் இருந்தால், பின்னால் தண்ணீர் தேங்குகிறதோ என்று சந்தேகப்படுங்கள். சுவர் உப்பியோ புதிதாக விரிசல் கண்டோ இருந்தால் அதன் கீழே யாரும் படுக்க வேண்டாம். உள்ளாட்சி அலுவலகத்தில் உடனே சொல்லுங்கள்.

உள்சுவர் ஈரமானால் எல்லோரும் மழையைத்தான் திட்டுகிறோம். பல வீடுகளில் குற்றவாளி நம் உலையும் வெந்நீரும், அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடும் துணியும்தான். அந்த ஆவி ஜில்லென்ற சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. எது காரணம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சுவரைத் துடைத்து உலரவிட்டு, ஒரு சாண் அலுமினியத் தாளை நாலு விளிம்பிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவரைத் தொட்டிருந்த பக்கம் ஈரமென்றால் சுவர் வழியாக ஊறுகிறது. அறையைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகக் கோத்திருந்தால் அது வீட்டுக்குள் கிளம்பிய ஆவி.

ஆவிதான் என்றால் செலவே இல்லை. உலை கொதிக்கும்போது மூடி போடுங்கள், சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள், குளித்து முடித்ததும் உள்கதவைச் சாத்தி வெளி ஜன்னலைத் திறங்கள். வெயில் அடிக்கும் உச்சிப் பொழுதில் எல்லா ஜன்னலையும் திறந்து காற்றோட விடுங்கள்; மேகம் இறங்கும்போது சாத்திவிடலாம். பீரோவை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். மெத்தையைத் தரையில் விரித்தபடியே விடாமல் காலையில் நிமிர்த்தி வையுங்கள். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை அது உறிஞ்சாது.

ஊறுகிற சுவருக்கு இப்போது பெயின்ட் அடிப்பது பணத்தைக் கரைப்பது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, ஈரச் சுவரில் அடித்தது கொப்புளித்து உரியும். பங்குனி வெயிலில் சுவர் காயட்டும். அதுவரை பூசணத்தைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பிளீச்சிங் பவுடரைக் கழிப்பறை ஆசிட்டோடு கலக்கவே வேண்டாம், கிளம்பும் புகை நுரையீரலைப் பாதிக்கும்.

குளிருக்காகக் கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். தணல் அடங்கியது போலத் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மலையூர்களில் இப்படித் தூக்கத்திலேயே உயிர் போனவர்கள் உண்டு. கூடுதல் கம்பளி, காலுறை, வெந்நீர்ப் பை போதும். நெருப்பு எரியும் அறையில் ஒருவருக்குத் தலைவலியோ குமட்டலோ வந்தால் கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள்.