ஆசையே அதிகாரம்: திருக்கோஷ்டியூர் ரகசியமும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்ற மார்கழியில் ஒருநாள் வைகறையில், இராஜபாளையத்திலிருந்து ஒரு கோஷ்டியார் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஆண்டாளைச் சேவித்துத் திருப்பாவை முப்பதும் அநுஸந்தித்தனர். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரமே. சேவை முடிந்து பிரசாதத்திற்காகக் காத்திருந்த வேளையில், அக்கோஷ்டியிலிருந்த அம்மையார் ஒருவர் அடியேனிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "ஸ்வாமி, எங்களுக்கு வீட்டுப்பேச்சு தெலுங்கு. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஸமாச்ரயணம் ஆகவில்லை. சிறுவயது முதல் திருப்பாவை மட்டும் சொல்லி வருகிறேன். இதற்குள்ளே ரகசியமான அர்த்தங்கள் உண்டு என்கிறார்கள். அவற்றைக் கேட்க எனக்கு அதிகாரம் உண்டா? கேட்டால் அபசாரமாகுமா?"

"உண்டு, கேட்கலாம்" என்று மட்டும் அப்போது விண்ணப்பித்தேன். அவ்விடையின் காரணங்களைப் பூர்வாசாரியர்களின் திருவுள்ளத்தை ஒட்டி விரித்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ரகசியம் என்பது யாது?

மறைத்துக் காக்கப்படும் ஞானம் பல சமயங்களிலும் உண்டு. கிரேக்க நாட்டில் ஏதென்ஸை அடுத்த எலூசிஸில் நடந்த வழிபாட்டில் கண்டதை வெளியே சொன்னவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. யூதர்களின் கபாலா மார்க்கத்தை நாற்பது வயதிற்கு முன் பயிலலாகாது என்றொரு வழக்கம் இருந்தது. ஏசுநாதர் பொதுமக்களுக்கு உவமைகளாகச் சொன்னவற்றின் பொருளைச் சீடர்களுக்குத் தனியே விளக்கினார். கி.பி. 922-இல் பாக்தாதில் கொல்லப்பட்ட மன்ஸூர் அல் ஹல்லாஜ் செய்த பிழை, உள்ளே வைத்திருக்க வேண்டியதை வெளியே சொன்னதே என்று ஸூஃபிகளில் பலர் கருதினர். நம் நாட்டிலும் உபநிஷத்துகளுக்கே ரகசியம் என்றொரு பெயருண்டு. சித்தர்கள் பரிபாஷையில் மறைத்துப் பாடினர்.

நம் ஸம்பிரதாயத்தில் ரகசியம் என்று சிறப்பாக வழங்கப்படுபவை மூன்று: திருமந்திரம், த்வயம், சரமசுலோகம். ஜீவாத்மா எம்பெருமானுக்கே உரியவன் என்னும் ஸ்வரூபத்தைத் திருமந்திரம் உணர்த்தும். பிராட்டியை முன்னிட்டு அவன் திருவடிகளையே உபாயமாகப் பற்றுவதையும், அங்கே செய்யும் கைங்கர்யத்தையே பேறாக வேண்டுவதையும் த்வயம் உணர்த்தும். மற்ற உபாயங்களை விட்டுத் தன்னையே பற்றச் சொல்லும் கண்ணனது திருவாக்கு சரமசுலோகம். கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் இதனை அருளிய கண்ணன், அடுத்த சுலோகத்திலேயே ஒரு வேலியும் இட்டான். தவமில்லாதவனுக்கும், பக்தியில்லாதவனுக்கும், கேட்க விருப்பமில்லாதவனுக்கும், தன்னிடம் பொறாமை கொள்பவனுக்கும் இதைச் சொல்லலாகாது என்றான். இவ்வேலியை ஊன்றிக் காண வேண்டும். இன்ன குலத்தார்க்கு, இன்ன மொழியார்க்குச் சொல்லலாகாது என்று அதில் இல்லை. கேட்பவனுடைய நெஞ்சின் நிலையே அங்கே அளவுகோல். அதனை அடுத்த சுலோகத்தில், தன் பக்தர்களுக்கு இதைச் சொல்பவன் தன்னையே வந்தடைவான் என்று புகழ்ந்தும் பேசினான்.

பதினெட்டு முறை நடந்த வழி

எம்பெருமானார் திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து சென்று, திருக்கோஷ்டியூர் நம்பியிடம் அருமையான பொருளைப் பெற்ற வரலாறு யாவரும் அறிந்ததே. ஒருவருக்கும் சொல்லலாகாது என்னும் ஆணையோடு பெற்ற அப்பொருளை, அவர் அவ்வூரிலேயே பலரும் கேட்க வெளியிட்டார். அது திருமந்திரத்தின் பொருள் என்றும், சரமசுலோகத்தின் பொருள் என்றும் இருவகையாகச் சொல்வர். நம்பி வெகுண்டு, ஆசாரிய ஆணையைக் கடந்ததற்குப் பயன் யாது என்று வினவினார். அடியேன் ஒருவன் நரகம் புகினும் இத்தனை ஆத்மாக்கள் உய்வார்களே என்று விடை வந்தது. அதைக் கேட்டு நம்பி நெஞ்சு நெகிழ்ந்து உடையவரைத் தழுவிக்கொண்டு, "எம்பெருமானார்" என்னும் திருநாமத்தைச் சாற்றினார்.

இவ்விடத்தில் கவனிக்க வேண்டுவன இரண்டு. முதலாவது, அதுவரை ஓராண்வழியாக, ஒருவரிடமிருந்து தேர்ந்த சிலருக்கே வந்த உபதேசத்தை உடையவர் தம் கருணையால் பரக்கத் திறந்துவிட்டார். மணவாள மாமுனிகள் உபதேச ரத்தினமாலையில் இதனைக் கொண்டாடும்போது, உலகில் ஆசையுடையவர் அனைவரும் பெற்றனர் என்னும் கருத்தை அருளிச்செய்கிறார். விருப்பமில்லாதவர் காதில் வலிந்து ஓதியதாக அவர் சொல்லவில்லை. ஆகவே உடையவர் தகர்த்தது கண்ணன் இட்ட வேலியையன்று. காலப்போக்கில் அதைச் சுற்றி எழுந்த மதிலையே.

இரண்டாவது, இலவசமாகக் கொடுத்தவர் தாம் பெற்றது இலவசமாக அன்று. பதினெட்டு முறை நடந்த கால்வருத்தம் அவருடையது. கொடுத்ததற்காக நரகம் நேரினும் ஏற்பேன் என்ற துணிவும் அவருடையது. தமக்கு அரிதாக இருந்ததைப் பிறர்க்கு எளிதாக்குவதே ஆசாரியனுடைய பெருமை.

தந்தையின் அழைப்பு

ஆயினும் உடையவருடைய இச்செயலுக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. அது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. பாண்டியன் சபையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்று, யானைமேல் எழுந்தருளியபோது, கருடவாகனனாய்த் தோன்றிய எம்பெருமானைக் கண்டார் பெரியாழ்வார். தமக்கென ஒன்றும் வேண்டாமல், அவனுக்கு என்ன தீங்கு நேருமோ என்று அஞ்சி, அவனையே வாழ்த்தினார். அதுவே திருப்பல்லாண்டு.

தனியே வாழ்த்துவதில் நிறைவுறாத ஆழ்வார், துணைக்கு ஆள் அழைக்கிறார். எவர்களை அழைக்கிறார்? பகவானையே விரும்பும் அடியார்களை மட்டுமன்று. தன் ஆத்மாவையே அநுபவிக்க விரும்பும் கைவல்யார்த்திகளையும், செல்வத்தை விரும்பும் ஐசுவரியார்த்திகளையும் அழைக்கிறார் என்பது வியாக்கியானம். அதிலும் கைவல்யார்த்திகளை அழைக்கும் நான்காம் பாசுரத்தில், நாட்டாரும் நகரத்தாரும் நன்றாக அறியும்படி திருமந்திரத்தை வெளிப்படையாகப் பாடச் சொல்கிறார். பாட வேண்டும் என்னும் மனம் உள்ளவராக இருத்தலே அவர் கேட்கும் தகுதி. திருக்கோஷ்டியூரில் உடையவர் திருவாய்மலர்வதற்கு முன்பே, ரகசியத்தை ஊரறியச் சொல்ல அழைத்த குரல் இவ்வூர் ஆழ்வாருடையது.

மகளின் அழைப்பு

பெரியாழ்வார் திருமகளாரோ இதனை வீதிக்கே கொண்டு வந்தாள். திருப்பாவையின் முதற்பாசுரத்தில், நோன்புக்கு வரும் பெண்களுக்கு அவள் இட்ட நிபந்தனை யாது? குளிக்கப் போதுவதற்கு விருப்பமுள்ளவர்கள் வாருங்கள் என்பதே. இச்சையே அதிகாரம் என்று இதற்குப் பூர்வாசாரியர்கள் பொருள் உரைத்தனர். தந்தை பாடும் மனத்தைக் கேட்டார். மகள் வரும் விருப்பத்தைக் கேட்டாள். உடையவர் கேட்கும் ஆசையைக் கேட்டார். மூவர்க்கும் திருவுள்ளம் ஒன்றே.

வீதியில் பாடிய பாட்டில் ரகசியம் எங்கே எனில், ரகசியத்திரயத்தின் பொருளெல்லாம் அங்கே உண்டு. அறிவொன்றும் இல்லாத இடையர் நாங்கள் என்று தங்கள் கைம்முதலின்மையை விண்ணப்பிக்கும் இருபத்தெட்டாம் பாசுரம் உபாயத்தைச் சொல்கிறது. பறை என்று இதுவரை கேட்டது தோற்கருவியையன்று, பிறவிதோறும் உனக்கே செய்யும் கைங்கர்யத்தையே என்று வெளியிடும் இருபத்தொன்பதாம் பாசுரம் பேற்றைச் சொல்கிறது. த்வயத்தின் இரு வாக்கியங்களும் இவ்விரு பாசுரங்களில் அடங்கின. உடையவர் திருப்பாவையை இடைவிடாது அநுஸந்தித்துத் "திருப்பாவை ஜீயர்" என்று பெயர் பெற்றதற்கு இதுவும் காரணம்.

ஒரு வாக்குவாதத்துள் மறைந்த பொருள்

மறைபொருள் எவ்வளவு எளிய இடத்தில் ஒளிந்திருக்கும் என்பதற்குப் பதினைந்தாம் பாசுரம் ஒன்றே போதும். வெளியே நிற்கும் பெண்கள் உள்ளே உறங்குபவளைக் கிளியே என்று அழைத்துக் கேலி பேசுகிறார்கள். அவள், சிடுசிடுக்காதீர்கள், இதோ வருகிறேன் என்கிறாள். உன் பேச்சின் கெட்டித்தனம் எங்களுக்குத் தெரியாதா என்கிறார்கள் இவர்கள். கெட்டிக்காரிகள் நீங்களே என்று தொடங்கியவள், சட்டென்று நிறுத்தி, இல்லை, நானாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறாள். கேட்பவர்க்கு இது வாசற்படியில் நடந்த சிறுமியர் வாக்குவாதம்.

இப்பாசுரத்தையே திருப்பாவைக்கு உயிர்நிலையாகக் கொண்டாடினர் வியாக்கியாதாக்கள். தன்மேல் இல்லாத குற்றத்தையும் பாகவதர்கள் உண்டென்றால், மறுக்காமல் இசைவதே ஸ்ரீவைஷ்ணவனுக்கு இலக்கணம் என்றனர். இராமன் காடேகியதற்குக் கைகேயியையும் மந்தரையையும் பழிக்க இடமிருந்தும், தன் பாபமே காரணம் என்ற பரதனை இதற்குச் சான்றாகக் காட்டினர். திருமந்திரத்தின் நடுவிலுள்ள சொல், நான் எனக்கு உரியவனல்லேன் என்னும் பொருளது. அது முதிர்ந்தால் அவன் அடியார்க்கு உரியவன் என்பதில் வந்து நிற்கும். திருமந்திரத்தில் கற்றது அடியார்க்கு அடிமை என்பதையே எனத் திருமங்கையாழ்வாரும் திருக்கண்ணபுரத்து எம்பெருமானிடம் விண்ணப்பித்தார். அத்தகைய ஆழ்பொருளை ஆண்டாள் ஒரு பெண்ணின் பணிவான ஒரு விடையில் வைத்தாள். இதை அறிவது எளிது. அடுத்தமுறை நம்மேல் ஒருவர் வீண்பழி சொல்லும்போது வாய்மூடி ஏற்பது எளிதன்று. ரகசியம் இன்னும் ரகசியமாக இருப்பது இங்கேதான்.

எது திறந்தது, எது திறவாதது

இனி அம்மையாரின் வினாவுக்கு வருவோம். மந்திரத்தைப் பஞ்சஸம்ஸ்காரத்தின்போது ஆசாரியன் திருவாயிலிருந்து செவியால் பெறவேண்டும். இந்நெறி இன்றும் மாறவில்லை; மாறவும் கூடாது. அந்த ஸம்பந்தம் ஏட்டிலிருந்து கிடைப்பதன்று. ஆனால் பொருளைக் கேட்கும் வாசல் அடைக்கப்படவில்லை. பிள்ளை லோகாசாரியர் அருளிய பதினெட்டு ரகசிய நூல்களுள் முமுக்ஷுப்படியை, வடமொழி பயிலாதவரும் பெண்களும் உட்பட உய்ய விரும்பும் எல்லாரும் அறியும்படி எளிய நடையில் அருளினார் என்பர். இதைவிடத் தெளிவான அனுமதி வேண்டுமோ?

தெலுங்கு பேசுவதும் தடையன்று. விஷ்ணுசித்தரும் கோதையும் வாழ்ந்த இவ்வூரின் கதையை விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தெலுங்கிலேயே "ஆமுக்தமால்யதா" என்னும் காவியமாகப் பாடினார். சூடிக் கொடுத்தவள் என்பதே அப்பெயரின் பொருள். தெலுங்கில் அவளைப் பாடிய பேரரசரின் வழியிலேதான் இராஜபாளையத்து அம்மையாரும் நிற்கிறார்.

இன்று திருப்பாவை உபந்யாஸங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன; வியாக்கியான நூல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. மதில் இன்று எங்குமே இல்லை. ஆனால் விருப்பமில்லாதவனுக்கு இது பயன்படாது என்று கண்ணன் இட்ட வேலி அப்படியே நிற்கிறது. பாதி காதில் வாங்கி, நூறு பொருள் தெரியும் என்று பெருமை கொள்பவனுக்கு ரகசியம் தன்னை மறைத்துக்கொள்ளும். ஆண்டாள் மாலை சூடித் தன் அழகைக் கண்ட கண்ணாடிக் கிணற்றை இன்றும் இவ்வூரில் சேவிக்கலாம். கிணறு யாருக்கும் மூடப்படவில்லை. முகம் தெரிய வேண்டுமானால் குனிந்து பார்க்க வேண்டும்.

ஆகவே அம்மையாருக்கு அடியேன் விண்ணப்பிப்பது இதுவே. தயங்காமல் கேளுங்கள். ஒரு பாசுரத்தை எடுத்துக்கொண்டு, தக்கார் ஒருவரிடம் அமர்ந்து, பொறுமையாகக் கேளுங்கள். பதினைந்தாம் பாசுரத்திலிருந்து தொடங்கலாம். ஸமாச்ரயணத்தில் விருப்பம் பிறந்தால், அதுவும் அவள் கடாக்ஷமே. உங்களுக்குத் தகுதி உண்டா என்று அஞ்சிக் கேட்டீர்களே, அந்த ஆசைதான் ஆண்டாள் முதற்பாசுரத்தில் கேட்ட தகுதி.

ஆண்டாள் திருவடிகளே சரணம். எம்பெருமானார் திருவடிகளே சரணம்.