புல் வெட்டும் நரம்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த புல் தையில் இடுப்புயரம் நிற்கும். மாசி முடிவதற்குள் சருகாகிவிடும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் அந்தச் சருகைக் கண்டால் வயிற்றில் புளி கரைக்கும். பட்டாசு அறைகளைச் சுற்றிக் காய்ந்த புல்லும் புதரும் இல்லாமல் வைத்திருப்பது ஆலை நடத்துகிறவரின் கடமை. அதனால் தை பிறந்ததும் பிரஷ் கட்டர் சத்தம் எங்கும் கேட்கிறது. கூடவே ஒரு புலம்பலும் கேட்கிறது: “நரம்பு நிக்கவே மாட்டேங்குதுண்ணே, அறுந்துக்கிட்டே இருக்கு.”

நைலான் நரம்பு சுழன்று புல் வெட்டும் யோசனை 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிறந்தது. கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்த ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டுப் பார்த்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை. ஆனால் நரம்பைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்கள் பல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: நரம்பு தடிமனாக இருந்தால் நன்றாக வெட்டும்.

உண்மை: வெட்டுவது வேகம். 40 சென்டிமீட்டர் வட்டத்தில் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுழலும் நரம்பின் நுனி, மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல் பாய்கிறது. அந்த வேகத்தில்தான் வளையும் நைலான் கத்தியாகிறது. 2.4 மில்லிமீட்டர் நரம்பு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம். 3 மில்லிமீட்டர் நரம்பு 8 கிராம். பார்வைக்குச் சிறிய வித்தியாசம், எடையில் ஒன்றரை மடங்கு. சிறிய என்ஜினில் தடித்த நரம்பை மாட்டினால் சுற்று குறையும், கிளட்ச் சூடேறும், புல் அறுபடாமல் படுத்துக்கொள்ளும். என்ஜின் புத்தகத்தில் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். நரம்பு தேய்ந்து வட்டம் பாதியானால் நுனியின் வேகமும் பாதியாகும். எனவே நீளத்தை அவ்வப்போது இறக்கிவிடுங்கள். மிஞ்சிய நீளத்தை அளவாக வெட்டும் சிறு பிளேடு மட்கார்டில்தான் இருக்கிறது. அந்தக் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள்.

நம்பிக்கை 2: அடிக்கடி அறுந்தால் அது மட்டச் சரக்கு. தண்ணீர் பட்டால் நைலான் கெட்டுவிடும்.

உண்மை: நல்ல சரக்கும் காய்ந்தால் ஒடியும். போன பங்குனியில் எங்கள் காட்டு வரப்பில் வெட்டும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தது. அறுந்த நுனியை எடுத்துப் பார்த்தேன். பிசிறே இல்லை, சாக்பீஸ் ஒடிந்ததுபோல வாய் நேராக இருந்தது. அந்தச் சுருள் ஓராண்டாகத் தகரக் கொட்டகையில், வெயில் விழும் ஆணியில் தொங்கியது. மிச்சத்தை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் அமிழ்த்தி வைத்தேன். விரலில் சுற்றினால் விறைத்துக்கொண்டு நின்ற நரம்பு, ஊறிய பிறகு வளைந்துகொடுத்தது. அன்று அறுந்தது குறைவு. நுனி ஒடியாமல் துடைப்பம்போலப் பிரிந்து தேய்ந்தது. நல்ல நரம்பு தேயும் விதம் அதுதான்.

காரணம் நைலானின் குணத்தில் இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும் பிளாஸ்டிக். நைலான் 6 வகை, முழுக்க ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் தண்ணீரை ஏற்கும். உள்ளே போன நீர், இறுகப் பிணைந்திருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகளைச் சற்றே தளர்த்துகிறது. அடி விழும்போது நரம்பு ஒடியாமல் வளைந்து தாங்குவது அதனால்தான்.

நம் ஊர்க்காற்றுக்கு இதில் பங்கு உண்டு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்ற உதவியது இந்த வறண்ட காற்று. தீக்குச்சியைக் காய வைக்கும் அதே காற்று நைலானையும் காய வைக்கிறது. வெடிமருந்துக்கு ஈரம் ஆகாது. நரம்புக்கு ஈரம் இல்லாமல் ஆகாது. வேலைக்கு ஓரிரு நாள் முன்பே ஊறப்போடுங்கள். வெயில் படாத இடத்தில், ஈரத்துணியோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்து வெளுத்த நரம்பை எந்தத் தண்ணீரும் மீட்காது.

நம்பிக்கை 3: சுருளுக்குள் நரம்பு ஒட்டிக்கொள்வது வெயில் சூட்டால்.

உண்மை: பெரும்பாலும் சுற்றிய விதத்தால். வெளியே நுனி அடிபடும் ஒவ்வொரு முறையும் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. உரசல் சூட்டில் நைலான் இளகி, பக்கத்துச் சுற்றோடு ஒட்டிவிடுகிறது. குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தால் இது சீக்கிரம் நடக்கும். சுருளில் இருக்கும் அம்புக்குறி காட்டும் திசையில், ராட்டையில் நூல் சுற்றுவதுபோல வரிசையாக, இறுக்கமாகச் சுற்றுங்கள். விளிம்புவரை அடைக்காதீர்கள். வேலிக்கல்லிலும் சுவரிலும் நுனியை மோதவிடாமல் ஓட்டினாலே பாதிச் சிக்கல் தீரும்.

நம்பிக்கை 4: சைக்கிள் பிரேக் ஒயரைப் போட்டால் அறுந்தே போகாது.

உண்மை: அறுந்துபோகும். அறுந்த துண்டு எங்கே போகும் என்பதுதான் கேள்வி. நைலான் துண்டு தைத்தால் தோல் கன்றிப்போகும்; அந்த வேகத்தில் பறக்கும் இரும்பு இழை கண்ணையும் தசையையும் துளைக்கும். சங்கிலிக் கண்ணி போன்ற உலோகத் துண்டுகளைக் கோத்துச் சுழற்றும் வெட்டுத்தலைகளை, ஓர் உயிர்ப்பலிக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் சந்தையிலிருந்தே விலக்கியது. நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இரும்பு கல்லில் பட்டால் பொறி பறக்கும், பக்கத்தில் இருப்பதோ காய்ந்த புல்.

நம்பிக்கை 5: நைலானில் பொறி வராது. அதனால் பட்டாசு அறை ஓரத்தில் தாராளமாக ஓட்டலாம்.

உண்மை: இருப்பதிலேயே ஆபத்தான எண்ணம் இதுதான். நைலான் பொறி விடாவிட்டாலும், அதைச் சுழற்றும் பெட்ரோல் என்ஜின் விடலாம். சைலன்சர் கொதிக்கும், அதிலிருந்து கரித்துணுக்கு சிவந்து வெளியேறலாம். சிந்திய பெட்ரோலின் ஆவி தரையோடு பரவும். நரம்பு தட்டிய கல் தெறிக்கும். நைலான் நிலைமின்சாரத்தையும் தேக்கிக்கொள்ளும் பொருள். மருந்து அறைக்குள் பருத்தி உடுப்பு மட்டும் என்று வைத்திருப்பது எதற்கு என்று ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். அதற்குக் காரணம் புல் இல்லை. ஆனால் ஒரு பொறியின் விலை என்ன என்பதை அதன் பிறகு யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலை வளாகத்துக்குள் எந்த மெஷினையும் போர்மேனின் அனுமதியில்லாமல் இறக்காதீர்கள். மருந்து வேலை முழுவதும் நின்று, அறைகள் காலியான விடுமுறை நாளில்தான் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டும். பெட்ரோலை வளாகத்துக்கு வெளியே நிரப்புங்கள்.

நம்பிக்கை 6: அறுந்த துண்டுகள் மண்ணோடு மக்கிவிடும்.

உண்மை: மக்காது. சிறுத்துச் சிறுத்து மண்ணிலேயே கிடக்கும். வெட்டிய புல்லை மேயும் ஆடு மாட்டின் வயிற்றுக்கும் போகும். பெரிய துண்டுகளைக் கையோடு பொறுக்குங்கள். பொறுக்கியதைக் கொளுத்தவும் வேண்டாம். எரியும் நைலானிலிருந்து நச்சுப்புகை வரும்.

கடைசியாக ஒன்று. நரம்பை எவ்வளவு மேம்படுத்தினாலும் காய்ந்து கட்டையான தண்டில் அது தோற்கும். பச்சைப் புல்லின் தண்டில் நீர் ஏறி விறைப்பாக நிற்பதால் ஒரே அடியில் துண்டாகும். நரம்பும் குறைவாகச் செலவாகும். தீயும் எளிதில் பிடிக்காது. தையிலேயே வெட்டி, வெட்டியதை அங்கேயே காயவிடாமல் அள்ளி அப்புறப்படுத்துங்கள். பொங்கல் முடிந்த கையோடு ஒரு வாளித் தண்ணீரில் நரம்பை ஊறப்போடுங்கள். அந்தப் புல்லுக்கு அப்பால் அறைக்குள் உட்கார்ந்து திரி செருகுகிறவர்கள் நம் வீட்டு அக்கா, மதினிமார்கள்.