வேரைத் தேடும் முன்

உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். தாத்தாவின் தாத்தா பெயர் தெரியுமா? அவர் எந்த ஊர்க்காரர்? எப்போது இந்த ஊருக்கு வந்தார்? பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை மட்டும் எல்லாருக்கும் உண்டு.

இப்போது அதற்கு ஒரு பரிசோதனை வந்திருக்கிறது. அதன் பெயர் டி.என்.ஏ. பரிசோதனை. "எச்சிலை அனுப்புங்கள். உங்கள் முன்னோர் யார் என்று சொல்கிறோம்" என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. இதைச் செய்யலாமா? வேண்டாமா? வாருங்கள், பார்ப்போம்.

டி.என்.ஏ. என்றால் என்ன?

வீடு செங்கற்களால் ஆனது. நம் உடல் உயிரணுக்களால் ஆனது. உயிரணு மிக மிகச் சிறியது. கண்ணால் பார்க்க முடியாது. அதற்குள் நூல் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. நம் நிறம், உயரம், முகச்சாயல் ஆகியவற்றுக்கான குறிப்புகள் அதில் இருக்கின்றன.

இந்தக் குறிப்புகளில் பாதி அம்மாவிடமிருந்து வருகிறது. மறுபாதி அப்பாவிடமிருந்து வருகிறது. அவர்களுக்கு அவர்களுடைய பெற்றோரிடமிருந்து வந்தது. ஆகவே நம் உடலில் முன்னோரின் அடையாளம் இருக்கிறது.

எச்சிலிலும் இரத்தத்திலும் டி.என்.ஏ. உண்டு. திருமலையில் நாம் காணிக்கையாகக் கொடுக்கும் முடியில் உண்டா? சவரம் செய்த முடியில் வேர் இருக்காது. வேர் இல்லாத முடியில் பரிசோதனைக்கு ஏற்ற டி.என்.ஏ. மிகக் குறைவு. அதனால்தான் எச்சிலைக் கேட்கிறார்கள்.

ஒருவரை டி.என்.ஏ. மூலம் அடையாளம் காணும் முறையை 1984-இல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்தார். நம் நாட்டில் ஐதராபாத்தில் லால்ஜி சிங் என்ற அறிவியலாளர் இந்த முறையை வளர்த்தார். குற்ற வழக்குகளுக்கும், பெற்றோர் யார் என்ற வழக்குகளுக்கும் இது உதவுகிறது. விபத்தில் இறந்தவரை அடையாளம் காணவும் உதவுகிறது.

எதைச் சொல்லும்? எதைச் சொல்லாது?

இரண்டு பேர் நெருங்கிய இரத்த உறவா என்பதை டி.என்.ஏ. நன்றாகச் சொல்லும். தூரத்து முன்னோர் எந்தப் பக்கத்து மக்கள் என்பதை ஓரளவு சொல்லும். தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஆட்களின் பட்டியலோடு உங்கள் டி.என்.ஏ.யை நிறுவனம் ஒப்பிடுகிறது. அதை வைத்துக் கணக்கிடுகிறது. பட்டியல் மாறினால் விடையும் மாறும். ஒரே ஆளுக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விடை தருவது உண்டு.

ஊரின் பெயரை டி.என்.ஏ. சொல்லாது. தாத்தாவின் பெயரைச் சொல்லாது. கோத்திரம், குலதெய்வம், தாய்மொழி எதுவும் அதில் எழுதப்படவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பெற்றோர் 2 பேர். தாத்தா பாட்டிகள் 4 பேர். அதற்கு முந்திய தலைமுறையில் 8 பேர். இப்படிப் பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 பேர் வருவார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் இந்த எண்ணிக்கை குறையும். இவர்களில் "என் முன்னோர்" என்று ஒரே ஒருவரை எப்படிச் சொல்வது?

ஐதராபாத் அறிவியலாளர்கள் அமெரிக்க அறிவியலாளர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். அது 2009-இல் வெளிவந்தது. இந்தியாவின் 25 மக்கள் கூட்டங்களை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய எல்லாருமே பழைய மக்கள் கலந்து உருவானவர்கள் என்று கண்டார்கள். மேல் சாதி என்பவர்களும் கலப்பு. கீழ்ச் சாதி என்பவர்களும் கலப்பு. தூய இரத்தம் என்ற பேச்சுக்கு இதில் இடம் இல்லை.

ஒரு குடும்பத்தின் கதை

சித்தூரில் ஒரு குடும்பம். பேரன் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறான். ஒரு நாள் ஊருக்கு வந்தவன் ஆயாவிடம் செல்போனைக் காட்டினான்.

"ஆயா, எச்சிலை அனுப்பினால் போதும். நாம் தமிழரா, தெலுங்கரா என்று தெரிந்துவிடும்."

ஆயா சிரித்தார். "அதற்கு எச்சில் எதற்குடா? என் அம்மா திருத்தணிப் பக்கம். அப்பா சந்திரகிரிப் பக்கம். வீட்டில் தமிழ் பேசினோம். சந்தையில் தெலுங்கு பேசினோம். இதை நானே சொல்வேனே."

"நான் மட்டும் இல்லை ஆயா. சித்தி மகளும் அனுப்பப் போகிறாள். இரண்டு பேருக்கும் ஒன்றாகப் பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு."

ஆயாவின் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உன் சித்தியை நான் பெறவில்லைடா. கைக்குழந்தையாக என் மடிக்கு வந்தாள். உன் தாத்தாவும் நானும் வளர்த்தோம். கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லிவிட்டோம். அவள் பிள்ளைகளுக்குத் தெரியாது."

பேரன் திகைத்துப் போனான். இரண்டு பேரும் பரிசோதனை செய்தால் என்ன ஆகும்? "நீங்கள் இருவரும் இரத்த உறவு இல்லை" என்று முடிவு வரும். சித்தி மகள் அதைச் செல்போனில் படித்துத் தெரிந்துகொள்வாள்.

மறுநாள் ஆயாவும் பேரனும் சித்தி வீட்டுக்குப் போனார்கள். விஷயத்தைச் சொன்னார்கள். சித்தி அமைதியாகக் கேட்டார்.

"என்னைப் பெற்றவள் யார் என்று நானும் பல நாள் நினைத்தது உண்டு. ஆனால் அதைத் தேடுவதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் என் பிள்ளைகளிடம் நானே பேசுகிறேன். என் வாயால் அவர்கள் கேட்கட்டும்" என்றார். பிறகு ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தப் பரிசோதனை வந்தாலும் அம்மா நீதான்" என்றார்.

பேரன் பணம் கட்டவில்லை. சித்தி முடிவு செய்யும் வரை காத்திருப்பது என்று தீர்மானித்தான்.

இது கூட்டுப் பட்டா போல

கூட்டுப் பட்டா நிலம் உங்களுக்குத் தெரியும். முழு நிலத்தையும் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. டி.என்.ஏ.யும் அப்படித்தான். உங்கள் டி.என்.ஏ.யில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு. இங்கே மற்றவர்களின் சம்மதத்தை நிறுவனம் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஒருவரைக் கட்டாயப்படுத்தி இரத்தம் எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் ஒரு குடும்ப வழக்கில் கூறியது. விருப்பம் இல்லாதவரை டி.என்.ஏ. பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்துவது அவரது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்று 2021-இலும் கூறியது.

கொடுத்த விவரம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 'ட்வென்டி த்ரீ அண்ட் மீ' என்ற பெரிய நிறுவனம் இந்தப் பரிசோதனையைச் செய்தது. 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் அங்கிருந்து திருடு போயின. 2025-இல் அந்த நிறுவனம் திவாலானது. மக்கள் கொடுத்த விவரங்களோடு சேர்ந்து அது வேறு கைக்கு மாறியது. வங்கி அட்டை தொலைந்தால் வேறு அட்டை வாங்கலாம். டி.என்.ஏ.யை மாற்ற முடியாது.

காகிதமும் பேசும்

முன்னோரைத் தேட வேறு வழிகளும் உண்டு. அவற்றுக்குச் செலவு குறைவு.

1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் கூலி வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கப்பலில் போனார்கள். முதல் கப்பல் சென்னையிலிருந்து போனது. வட ஆற்காடு ஜில்லாவிலிருந்தும் நிறையப் பேர் போனார்கள். ஒவ்வொருவரின் பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர் ஆகியவற்றைக் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். இன்று அவர்களின் வாரிசுகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சொந்த ஊரைத் தேடுகிறார்கள். டி.என்.ஏ. சொல்லாத ஊர்ப் பெயரை அந்தக் காகிதம் சொல்கிறது.

நம் வீட்டுப் பெட்டியிலும் காகிதங்கள் இருக்கலாம். பழைய பத்திரம், பட்டா, பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் உதவும். அவற்றைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஜில்லாக்களின் பெயர் மாறியிருக்கிறது. சந்திரகிரியைப் பாருங்கள். 1911 வரை அது வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. பிறகு சித்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. 2022 முதல் திருப்பதி ஜில்லாவில் இருக்கிறது. திருத்தணி 1960 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு தமிழ்நாட்டில் சேர்ந்தது. வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது. பெயர்தான் மாறியது.

குலதெய்வக் கோயிலும் ஒரு சாட்சி. கோயில் வேறு ஊரில் இருந்தால் குடும்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும் அல்லவா? பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

யாருக்கு உதவும்?

சிறு வயதில் குடும்பத்தைப் பிரிந்தவருக்கு டி.என்.ஏ. பரிசோதனை உதவலாம். ஆனால் அவருடைய உறவினரும் அதே நிறுவனத்தில் பரிசோதனை செய்திருந்தால்தான் உறவு தெரியும். சட்டப்படி தத்துக் கொடுக்கப்பட்டவர் தன் வேரைத் தேட, 'காரா' என்ற மத்திய தத்தெடுப்பு அமைப்பின் விதிகளில் வழி உண்டு.

குடும்பத்தில் பரம்பரை நோய் இருந்தால் முன்னோர் பரிசோதனை போதாது. டாக்டரிடம் போங்கள். அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

முடிவு செய்யும் முன் கேளுங்கள்

1. எனக்கு எந்தக் கேள்விக்கு விடை வேண்டும்?
2. அந்த விடையை டி.என்.ஏ. சொல்லுமா? பெரியவர்களோ காகிதமோ சொல்லுமா?
3. எதிர்பாராத விடை வந்தால் யார் மனம் புண்படும்? அவரிடம் பேசினேனா?
4. என் விவரங்களை யார் வைத்திருப்பார்கள்? அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா?
5. செலவு எவ்வளவு? அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு தேவை உண்டா?

ஐந்துக்கும் விடை கிடைத்த பிறகு முடிவு செய்யுங்கள். செய்வதும் சரியாக இருக்கலாம். வேண்டாம் என்பதும் சரியாக இருக்கலாம்.

கூடிப் பேசுவோம்

1. சித்தி சொன்னது சரியா? ஏன்?
2. டி.என்.ஏ. சொல்லாத மூன்று விஷயங்களைக் கூறுங்கள்.
3. உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய காகிதம் எது? அதில் எந்த ஜில்லாவின் பெயர் இருக்கிறது?

எழுதிப் பழகுவோம்

உங்கள் பெயர், பெற்றோர் பெயர், தாத்தா பாட்டிகள் நால்வரின் பெயர், அவர்களின் ஊர் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். வீட்டில் கேட்டு நிரப்புங்கள்.