ஒரு டிகிரி குறைக்க எத்தனை ரூபாய்? சூப்பர்சார்ஜர் காருக்கு இன்டர்கூலர் வாங்கும் முன் ஒரு கணக்கு



போன மாசம் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். வயசு 27. சென்னையில் ஐடி வேலை, கைக்கு வரும் சம்பளம் ₹68,000. காலேஜ் நாளிலிருந்து ஆசைப்பட்டு, ஒரு பழைய மெர்சிடீஸ் எஸ்எல்கே 200 வாங்கியிருக்கார். இரண்டு பேர் உட்காரும், கூரை மடங்கும் ஸ்போர்ட்ஸ் கார். இந்த மாடல்களில் பின்பக்கம் 'கொம்ப்ரெசர்' என்று எழுதியிருக்கும். ஜெர்மன் மொழியில் அதுதான் சூப்பர்சார்ஜர்.

அவர் கேள்வி இதுதான்: "அண்ணா, வெயில்ல கார் இழுக்கவே மாட்டேங்குது. பெரிய இன்டர்கூலர் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. வெளிநாட்டு கிட் ₹70,000 தான். கிரெடிட் கார்டு இஎம்ஐ-ல வாங்கிடவா?"

'வேண்டாம் தம்பி' என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனா இந்தக் கேள்விக்குள்ள பைக், கேமரா, கேமிங் பிசி என்று நாம எல்லாரும் செய்யற ஒரே தப்பு ஒளிஞ்சிருக்கு. அதனால கணக்கு போட்டே பார்த்துடலாம்.

இன்டர்கூலர் என்ன வேலை செய்யுது?

சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜின் பெல்ட்டால் சுத்தற ஒரு காற்று பம்ப். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளும். சைக்கிளுக்கு காற்றடிச்சா பம்ப் சூடாகுதில்லையா, அதே மாதிரி அழுத்தப்பட்ட காற்றும் சூடாகும். சூடான காற்று விரிஞ்சிருக்கும். அதே இடத்தில் ஆக்ஸிஜன் குறைவா இருக்கும். அதோட, இன்ஜினில் நாக்கிங் வரும் அபாயமும் கூடும். அதைத் தவிர்க்க காரின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும். நமக்கு 'வண்டி இழுக்கல' என்று தெரியறது பெரும்பாலும் இதுதான். சூப்பர்சார்ஜருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் அந்தக் காற்றைக் குளிர வைக்கும் ரேடியேட்டர்தான் இன்டர்கூலர்.

முதல் டிகிரி மலிவு, கடைசி டிகிரி காஸ்ட்லி

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். வெளியே 35 டிகிரி வெயில். பூஸ்ட் 0.5 பார். சூப்பர்சார்ஜரின் செயல்திறன் 55%, பழைய ரூட்ஸ் வகைக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இயற்பியல் கணக்குப்படி வெளியே வரும் காற்று சுமார் 104 டிகிரி.

ஏறின வெப்பத்தில் 70 சதவீதத்தை எடுக்கும் சாதாரண இன்டர்கூலர் இருந்தால், அந்தக் காற்று 56 டிகிரிக்கு இறங்கும். அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 15% கூடும். இது பெரிய லாபம்.

இப்போ அதை எடுத்துட்டு, 85% எடுக்கும் விலை உயர்ந்த கிட் போடறோம். காற்று 45 டிகிரி. கூடுதலா குறைஞ்சது சுமார் 10 டிகிரி, அடர்த்தி கூடினது 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான்!

இன்னொரு விஷயமும் இருக்கு. காற்று இன்டர்கூலர் வழியா போகும்போது கொஞ்சம் அழுத்தம் விழும். 0.5 பார் பூஸ்ட் என்றால் மொத்த அழுத்தம் சுமார் 22 பிஎஸ்ஐ. புது கிட்டின் பைப் வளைவுகளாலயோ நெருக்கமான ஃபின்களாலயோ பழசை விட 1 பிஎஸ்ஐ கூடுதலா விழுந்தால், சுமார் 4.5% போச்சு. 3% சம்பாதிக்கப் போய் 4.5% இழக்கறோம்.

எக்கனாமிக்ஸில் இதைத்தான் குறைந்து செல் பயன்பாடு என்பாங்க. முதல் பரோட்டாவின் ருசி அஞ்சாவது பரோட்டாவில் இருக்காது, விலை மட்டும் அதேதான். கார் பார்ட்ஸில் அஞ்சாவது பரோட்டாவுக்கு விலையும் ஜாஸ்தி.

₹70,000 என்பது உண்மையில் எவ்வளவு?

வெப்சைட்டில் போட்டிருக்கும் விலை நம்ம வீட்டு வாசல் விலை இல்லை. ஷிப்பிங் ₹12,000 சேர்த்தால் ₹82,000. சுங்க வரி இந்த மொத்தத்து மேலதான் போடப்படும். விகிதம் பொருளின் வகையையும் அது வரும் வழியையும் பொறுத்து மாறும். இங்கே உதாரணத்துக்கு 15% என்று வெச்சுக்கலாம்.

- அடிப்படை சுங்க வரி 15%: ₹12,300
- அந்த வரி மேல 10% சமூக நல சர்சார்ஜ்: ₹1,230
- இதுவரை மொத்தம்: ₹95,530
- இந்த மொத்தத்து மேல 18% ஐஜிஎஸ்டி: சுமார் ₹17,195
- கைக்கு வரும் விலை: சுமார் ₹1,12,700
- ஃபிட்டிங், பைப் வெல்டிங் ₹15,000 சேர்த்தால்: ஏறக்குறைய ₹1,28,000

வரி மேல வரி விழறதை கவனிச்சீங்களா? பிசினஸ் பண்றவங்க பலருக்கு ஐஜிஎஸ்டி-யை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்க வழி இருக்கு. சம்பளக்காரங்களுக்கு அது இல்லை. முழுசா நம்ம செலவு.

இதை 16% வட்டியில் 24 மாச கார்டு இஎம்ஐ போட்டால் மாசம் சுமார் ₹6,270. வட்டி மட்டும் ₹22,400. கார்டு இஎம்ஐ-யில் அந்த வட்டி மேலயும் 18% ஜிஎஸ்டி உண்டு, அது சுமார் ₹4,000. ஆக மொத்தம் ₹1,54,400. போட்டிருந்த விலையை விட இரண்டு மடங்குக்கும் மேல.

இப்போ தம்பியின் மாசக் கணக்கு. கார் வாங்க ₹7 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 4 வருஷம்: இஎம்ஐ சுமார் ₹19,100. ரூம் வாடகை ₹12,000. வீட்டுக்கு அனுப்பறது ₹15,000. சாப்பாடு, பெட்ரோல், இன்ஷூரன்ஸ் எல்லாம் ₹16,000. மீதி ₹5,900. புது இஎம்ஐ ₹6,270.

அதாவது கிட் வாங்கின முதல் மாசமே பட்ஜெட் மைனஸ். அவர்கிட்ட இருந்த எமர்ஜென்ஸி ஃபண்ட் ₹22,000. பழைய ஜெர்மன் காருக்கு அது ஒரு சின்ன ரிப்பேருக்குக்கூட பத்துமான்னு சந்தேகம்தான். வேலை போனால்? அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமப் போனால்? 'வெயில்ல இழுக்கல' என்பதை விடப் பெரிய பிரச்சினை அங்கே இருக்கு.

முதலில் அளங்க, அப்புறம் வாங்குங்க

நான் அவரை முதலில் வாங்கச் சொன்னது ஒரு ஓபிடி ப்ளூடூத் ரீடர் மட்டும். விலை ₹1,200. ஸ்டியரிங்குக்கு கீழே இருக்கும் சாக்கெட்டில் சொருகினால், இன்ஜினுக்குள்ள போகும் காற்றின் வெப்பநிலையை போனில் காட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த சென்சார் இன்டர்கூலருக்குப் பிறகு இருக்கணும். ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் சென்சாரைப் பார்த்தால் வெளிக்காற்றைத்தான் அளந்துட்டு இருப்பீங்க. மெக்கானிக்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

பார்க்க வேண்டியது வெளி வெப்பநிலைக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம். மேலே போட்ட கணக்கில் நல்லா வேலை செய்யும் சாதாரண இன்டர்கூலருக்கு வித்தியாசம் 21 டிகிரி. அதை அளவுகோலா வெச்சுக்கலாம்.

ஆபீஸ் ரோட்டில் டிராஃபிக்கில் நிக்கும்போது அளக்காதீங்க. வண்டி நின்னா எந்த இன்டர்கூலரும் சூடாகத்தான் செய்யும். தம்பி ஏற்காடு மலை ஏறும்போது அளந்தார். 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்ஜினுக்கு வேலை அதிகம், எதிர்காற்று குறைவு. நல்ல டெஸ்ட். வெளியே 33, உள்ளே 72. வித்தியாசம் 39 டிகிரி. ஆக, அவர் சொன்ன பிரச்சினை நிஜம்தான்.

₹11,500-இல் நடந்தது

அடுத்து, புதுசு வாங்காமல் இருக்கறதை சரி பண்ணச் சொன்னேன்.

1. லீக் டெஸ்ட் மற்றும் க்ளீனிங், ₹2,500. ஏசி கண்டென்சருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் வருஷக்கணக்கா சேர்ந்த தூசி, பூச்சி, மடங்கின ஃபின்கள். எல்லாம் சுத்தம் பண்ணி நிமிர்த்தியாச்சு.
2. விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ்களும் கிளாம்ப்களும் மாற்றம், ₹6,000. பழைய கார்களில் ரப்பர் காய்ஞ்சு வெடிக்கும். அழுத்தின காற்று அங்கேயே வெளியே போயிடும்.
3. முன்பக்க இடைவெளிகளை ஃபோம், அலுமினிய ஷீட் வெச்சு அடைத்தது, ₹1,800. காற்று எப்பவும் சுலபமான வழியில்தான் போகும். இன்டர்கூலரைச் சுத்திப் போக வழி இருந்தால், அதுக்குள்ள போகாது.
4. ஓபிடி ரீடர், ₹1,200.

அதே மலை, அதே நேரம், வெளியே அதே 33. இந்த முறை உள்ளே 55. வித்தியாசம் 39-லிருந்து 22 ஆச்சு. 17 டிகிரி குறைய ₹11,500. ஒரு டிகிரிக்கு சுமார் ₹676.

இதுக்கு மேல அந்த இறக்குமதி கிட் இன்னும் 10 டிகிரி குறைக்கும்னு வெச்சுக்கோங்க. ₹1,54,400-ஐ 10-ஆல் வகுத்தால், ஒரு டிகிரிக்கு ₹15,440. முடிவை நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவரே சொல்லிட்டார்.

அதுக்கு மேலயும் வேணும்னா எந்த செட்டப்?

எல்லாருக்கும் 'வாங்காதே' என்பது என் பதில் இல்லை. சின்ன புல்லி போட்டு பூஸ்ட் ஏத்தறவங்க, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி ட்ராக்கில் ஓட்டறவங்க, இன்டர்கூலர் கோரே உடைஞ்சு போனவங்க, இவங்களுக்கு தேவை நிஜம். அவங்களுக்கு வரிசை இதோ.

அதே மாடலின் ஒரிஜினல் கோர், நல்ல நிலையில் செகண்ட் ஹேண்ட்: அப்படியே பொருந்தும், வெல்டிங் செலவு இல்லை. பிரஷர் டெஸ்ட் பண்ணாம காசு கொடுக்காதீங்க.

யுனிவர்சல் ஏர்-டு-ஏர் கோர்: ட்யூப் அண்ட் ஃபின் வகை எடை குறைவு, விலையும் பொதுவா குறைவு. பார் அண்ட் ப்ளேட் வகை கனமானது, ஆனா சூட்டை அதிக நேரம் தாங்கும். இருக்கிறதிலேயே பெரிசு எடுக்காதீங்க. அது ரேடியேட்டரையும் ஏசி கண்டென்சரையும் மறைச்சால், சென்னை டிராஃபிக்கில் ஏசி படுத்துடும்.

வாட்டர்-டு-ஏர்: சூப்பர்சார்ஜர் இன்ஜின் மேலயே உட்கார்ந்து, பைப் போட இடமில்லாத கார்களுக்கு. பம்ப், தனி ரேடியேட்டர், டேங்க் என்று பாகங்கள் கூடும். பாகங்கள் கூடினால் மெயின்டனன்ஸும் கூடும். பட்ஜெட் ஆப்ஷன் இல்லை.

மெத்தனால் ஸ்ப்ரே: யூடியூப் பார்த்து ஆசைப்படாதீங்க. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மெத்தனால் வாங்கவோ வெச்சிருக்கவோ கூடாது.

ஒரு டிப்: நல்ல இன்டர்கூலர் போட்டதும் பூஸ்ட் மீட்டர் கொஞ்சம் குறைவா காட்டலாம். பயப்படாதீங்க. குளிர்ந்த காற்று சுருங்கும், அதனால வர்ற மாற்றம் அது.

காகித வேலையை மறக்காதீங்க

- ஆர்சி-யில் இருக்கும் விவரங்களுக்கு மாறா வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. பம்பரை வெட்டறது, பவர் ஏத்தறது எல்லாம் செய்யும் முன் ஆர்டிஓ-வில் கேளுங்க. 15 வருஷம் தாண்டின காருக்கு ஆர்சி புதுப்பிக்கும்போது ஃபிட்னஸ் பரிசோதனை உண்டு.
- மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்க. மறைச்சால், க்ளெய்ம் நேரத்தில் அதையே காரணமா காட்டலாம்.
- ஆபீஸ் கார் லீஸ் திட்டத்தில் எடுத்த வண்டியா? அப்போ ஓனர் லீஸிங் கம்பெனி. ஒப்பந்தத்தைப் படிக்காம ஒரு போல்ட்டைக்கூட தொடாதீங்க.
- ஜிஎஸ்டி பில் வாங்குங்க. 2025 செப்டம்பர் 22 முதல் ஆட்டோ பார்ட்ஸுக்கு 18%. 28% போட்டு பில் வந்தால் கேள்வி கேளுங்க.
- சொந்த உபயோகக் காரை நஷ்டத்தில் வித்தாலும் அந்த நஷ்டத்தை வருமான வரியில் காட்ட முடியாது. மாடிஃபிகேஷனுக்குப் போட்ட காசும் அதோட போச்சு.

கடைசியா

தம்பிக்கு இன்னும் பெரிய இன்டர்கூலர் ஆசை போகலை. போகவும் வேண்டாம், ஆசைப்படறது தப்பில்லை. உள்ளூரில் கோர், பைப், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து அவருக்கு வந்த கோட்டேஷன் ₹39,000. மீதியாகும் ₹5,900-இல் ₹2,900 எமர்ஜென்ஸி ஃபண்டுக்கு, ₹3,000 தனி ஆர்டி-க்கு. 13 மாசத்தில் ₹39,000 சேர்ந்துடும், வட்டி நமக்கு வரும். அப்பவும் ஏற்காட்டில் வித்தியாசம் 22 தான் காட்டினால் அந்தக் காசை என்ன பண்றதுன்னு அவரே முடிவு பண்ணட்டும்.

நீங்களும் அடுத்து எதை வாங்கறதுக்கு முன்னாடியும் இந்த மூணு கேள்வி கேளுங்க. பிரச்சினையை அளந்தேனா? இருக்கறதை சரி பண்ணிப் பார்த்தேனா? கிடைக்கப்போற ஒவ்வொரு டிகிரிக்கும் எத்தனை ரூபாய் கொடுக்கறேன்?

இந்தக் கணக்கை எக்செல் ஷீட்டில் எப்படிப் போடறதுன்னு இந்த வார வீடியோவில் காட்டியிருக்கேன். உங்க காரின் அளவையும் கோட்டேஷனையும் கமெண்டில் போடுங்க, சேர்ந்து பார்க்கலாம்.