மேஸ்திரிக்கு எதற்கு மேனேஜ்மென்ட் படிப்பு?

கள்ளக்குறிச்சி மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகும் மேஸ்திரியை யாரும் மேனேஜர் என்று கூப்பிடுவதில்லை. அவர் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பாருங்கள். வெட்டு உத்தரவு வந்ததும் ஆள் திரட்ட வேண்டும். முன்பணத்தை யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், யார் இன்னும் கழிக்கவில்லை என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டியாக வருகிற ஜோடியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு டிராக்டர் நிறையாது. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை இறங்கும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். ஒரு நாளுக்குள் அரவைக்குப் போய்விட்டால் நல்லது. ஆலை யார்டில் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் வயலில் வெட்டை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் கூலி போகும், ஆட்கள் முணுமுணுப்பார்கள். இதற்கு நடுவில் நிலத்துக்காரர் ஒரு போனில், ஆலைக் களப்பணியாளர் இன்னொரு போனில்.

ஆளும் பணமும் வண்டியும் நேரமும் நாலு பேருடைய கோபமும் ஒரே கையில். நிர்வாகவியல் பாடப்புத்தகத்தில் இருக்கிற அத்தியாயங்கள் எல்லாம் இதில் வந்துவிட்டன. அவரிடமே போய் "மேனேஜ்மென்ட் படிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கிற நம்பிக்கைகளைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் போகிறோம்.

"அதெல்லாம் ஏசி ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலை"

ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற கனடாக்காரர் ஐந்து தலைமை அதிகாரிகளின் பக்கத்திலேயே ஆளுக்கு ஒரு வாரம் உட்கார்ந்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். 1973-ல் அது புத்தகமாக வந்தது. அமைதியாக உட்கார்ந்து திட்டம் தீட்டுகிறவர்கள் என்று உலகம் நினைத்திருந்த அந்தப் பெரிய மனிதர்களின் வேலைகளில் பாதி, ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். போன், குறுக்கீடு, சமாதானம், அவசரம். நம் மேஸ்திரியின் காலைப்பொழுது மாதிரியேதான். ஏசி மட்டும் கூடுதல்.

"தலைவர் என்றால் பிறவியிலேயே வரணும்"

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இது சாகாமல் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் இரட்டைப் பிறவிகளாகப் பிறந்த ஆண்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2006-ல் வெளிவந்தது. உருவொத்த இரட்டையர்களையும் உருவொவ்வாத இரட்டையர்களையும் ஒப்பிட்டு, வேலையிடத்தில் தலைமைப் பொறுப்புக்கு வருவதில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு சுமார் 30 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். மீதி சூழல், வாய்ப்பு, அனுபவம், பயிற்சி. பெரும்பங்கு நம் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.

ஆய்வே வேண்டாம் என்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்தன. ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்புக்கு வந்த பெண்களில் எத்தனையோ பேர் அதற்கு முன் வங்கிப் படி ஏறாதவர்கள். அவர்களை மாற்றியது மேடைப் பேச்சுப் பயிற்சி கிடையாது. தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்கடன், குறித்த நாளில் திருப்பிக் கட்டுதல், கணக்கெழுதுதல் என்ற ஐந்து பழக்கங்கள். குழுக்களில் இதைப் பஞ்சசூத்திரம் என்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் அன்றைக்கு வந்தவர் கையெழுத்து, கடன் கேட்டவர் பெயர், கொடுக்க முடிவான தொகை எல்லாம் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும். தவணை தவறிய பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டையில்லாமல் பணத்தைக் கேட்டு வாங்குவது எப்படி என்று கற்றுக்கொண்டவருக்கு, பெரிய கம்பெனிகள் காசு கட்டி நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் புதிதாகக் கிடைப்பது அதிகமிருக்காது என்பது என் எண்ணம்.

"நம்ம கடைக்கும் மில்லுக்கும் இது எதுக்கு? அப்பா படிச்சா நடத்தினார்?"

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நெல் அரவை மில், மரச் செக்கு, டிராக்டர் உதிரிபாகக் கடை, மரவள்ளிக்கிழங்கு வாங்கிச் சேகோ ஆலைக்கு அனுப்பும் மண்டி என்று நம் ஊர்த் தொழில்கள் பெரும்பாலும் குடும்பத் தொழில்கள். அப்பா நடத்தினார், அண்ணன் நடத்துகிறார். நஷ்டம் வந்தால் மழையைச் சொல்வோம், ஜிஎஸ்டியைச் சொல்வோம்.

மும்பைக்குப் பக்கத்தில் தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் குடும்பங்கள் நடத்தும் பருத்தித் துணி ஆலைகளில் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை நடத்தி, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். 17 நிறுவனங்கள், 28 ஆலைகள். ஒரு பிரிவுக்கு மாதக்கணக்கில் ஆலோசகர்கள் போய் இலவசமாக நிர்வாக முறைகளைப் பழக்கினார்கள்; இன்னொரு பிரிவை அவ்வளவு தூரம் தொடவில்லை. அவர்கள் போனபோது ஆலைகள் இருந்த கோலத்தைப் படித்தால் நமக்கு எங்கோ பார்த்த ஞாபகம் வரும்: நடைபாதையில் கழிவும் கருவியும் இறைந்து கிடக்கின்றன, நூல் மூட்டைகள் எந்த நிறம் எவ்வளவு என்று எழுதப்படாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன, உதிரிபாகங்கள் ஒரே குவியலாகக் குவிந்திருக்கின்றன, தறி உடைந்த பிறகுதான் அதற்குப் பராமரிப்பு. ஆலோசகர்கள் கற்றுக்கொடுத்ததில் வித்தை ஒன்றுமில்லை. சரக்கைப் பதிவு செய், பழுதுகளை வகை பிரித்து எழுது, தினமும் கூடிப் பேசு, இயந்திரம் கெடும் முன் எண்ணெய் விடு. முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது. மூன்று ஆண்டுக்குள் அந்த நிறுவனங்கள் கூடுதல் ஆலைகளும் திறந்தன.

இவ்வளவு ஆதாயம் இருந்தும் முதலாளிகள் முன்பே ஏன் செய்யவில்லை? பலருக்கு இப்படியொரு முறை இருப்பதே தெரியாது. தெரிந்த சிலரும் நமக்கு இது ஒத்துவராது என்று விட்டிருந்தார்கள். நம் கதையைச் சொல்கிற கண்டுபிடிப்பு இன்னொன்று. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது என்பதைத் தீர்மானித்தவற்றில் முக்கியமானது, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பது. கல்லாவில் உட்கார வைக்கத் தம்பியோ மகனோ இருந்தால் அடுத்த ஆலை. இல்லையென்றால் தொழில் அங்கேயே நிற்கும். வெளியாளை நம்ப முடியாது என்ற பயம். சரக்குக் கணக்கும் பணக் கணக்கும் எழுத்தில் இருந்தால் வெளியாளை நம்புவதில் இருக்கிற அபாயம் குறையும். சங்கராபுரம் கடைத்தெருவில் இரண்டாவது கிளை திறக்காத எத்தனை கடைகளுக்கு முதல் குறையே பேரேடுதானோ என்று நான் யோசிப்பதுண்டு.

"எம்.பி.ஏ. இல்லையென்றால் படிப்பே இல்லை"

பிரிட்டனில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ஊருக்கு ஊர் தொடர்கல்விக் கல்லூரிகள் இருக்கின்றன. வேலையில் இருக்கிற சூப்பர்வைசர்கள் அங்கே பகுதிநேரமாக வந்து தலைமைப் பண்பும் நிர்வாகமும் படிக்கலாம். ஐ.எல்.எம். என்ற அமைப்பின் சான்றிதழ்கள் நிலை 2-ல் தொடங்கி 7 வரை போகின்றன; குழுத்தலைவருக்கு ஒன்று, இடைநிலை மேலாளருக்கு ஒன்று. பட்டம் வாங்கிய பிறகுதான் நிர்வாகம் படிக்கலாம் என்ற கட்டாயம் அங்கே இல்லை.

நம்மிடம் அதே அச்சில் ஒன்று இல்லை என்பது உண்மைதான். ஆனால் கதவே இல்லை என்பது பொய். பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி இருக்கிறது; விழுப்புரத்தில் உள்ள கூட்டுறவு மேலாண்மை நிலையம் நமக்குக் கிட்டத்தில் இருப்பது. ஒரு வருடப் படிப்பு. கூட்டுறவுச் சட்டம், கணக்கியல், தணிக்கை எல்லாம் உண்டு. கூடவே நகை மதிப்பீடும் சொல்லித்தருகிறார்கள். தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்தில் நகைக்கடனுக்கு நீளும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கூட்டுறவு வேலையில் சேர இந்தப் பயிற்சியைக் கேட்கிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து படிக்க இறங்கி வரும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது. கடுக்காயும் புளியும் தேனும் வியாபாரியின் தராசுக்குப் போகாமல் பழங்குடியினரின் கூட்டுறவான லேம்ப் சங்கத்தின் தராசுக்குப் போக வேண்டுமென்றால், அந்தச் சங்கத்தை நடத்தத் தெரிந்த ஆள் மலையிலேயே வேண்டும்.

சங்கராபுரத்து அரசு பாலிடெக்னிக்கை மறந்துவிடக்கூடாது. மெக்கானிக்கல் டிப்ளமோக்காரர்கள் பல காலமாகத் தொழிற்சாலை நிர்வாகம் என்று ஒரு தாள் எழுதி வந்திருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் படித்துத் தள்ளுகிற தாளும் அதுதான். வேலைக்குப் போன பிறகு அதிகம் கைகொடுப்பதும் அதுவே. தொழில் தொடங்க நினைப்பவர்களுக்குக் கிண்டியில் 2001-ல் தொடங்கிய தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் பயிற்சி நடத்துகிறது. கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022-ல் வந்த, அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது.

"தபாலில் ஒரு பட்டம் வாங்கிப்போட்டால் புரமோஷன்"

ஒரே ஒரு எச்சரிக்கை. பத்தாவது, பிளஸ் டூ அல்லது அதற்குச் சமமான படிப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்த பட்டத்தைத்தான் தமிழக அரசுப் பணி ஏற்கும். 2009-ல் அரசாணையே வந்துவிட்டது. பிளஸ் டூ இல்லாமல் நேராகத் திறந்தநிலையில் பி.பி.ஏ. சேரலாம் என்று யாராவது சொன்னால் அரசு வேலைக் கனவை ஓரம் வைத்துவிட்டுச் சேருங்கள்.

"சர்டிபிகேட் வந்தாச்சு, இனி சூப்பர்வைசர்"

டோகோ நாட்டின் லோமே நகரில் 1,500 சிறுதொழில் செய்பவர்களை மூன்றாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான வியாபாரப் பயிற்சி: கணக்கு, விலை, விற்பனை. இன்னொன்றுக்கு, தானாக முன்வந்து செய்வது, இடறினால் மறுபடி முயல்வது, முன்கூட்டியே யோசிப்பது என்ற மனப்பழக்கப் பயிற்சி. மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. 2017-ல் வெளியான முடிவின்படி மனப்பழக்கப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சியில் கிடைத்தது 11 சதவீதம், அதுவும் தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவு. படிப்பு என்று பெயர் வைத்த எல்லாம் ஒரே பலன் தராது.

பலன் தந்ததும் தானாக நிலைக்காது. மும்பைப் பக்கத்து ஆலைகளுக்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டு கழித்து புளூம் குழுவினர் திரும்பிப் போனார்கள். பழக்கிக் கொடுத்த முறைகளில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் மாறியிருப்பார், முதலாளிக்கு நேரமில்லாமல் போயிருக்கும். அப்படியும் பயிற்சி பெறாத ஆலைகளைவிட முன்னேதான் இருந்தன.

இந்தப் பேச்சு இப்போது நம் மாவட்டத்துக்கு அவசரமானது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோது கள்ளக்குறிச்சியின் அடையாளம் கரும்பும் மரவள்ளியும்தான். 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமம் உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணித் தொழிற்சாலை, 20,000 பேருக்கு வேலை என்று அரசோடு ஒப்பந்தம் போட்டது. அத்தனை பேர் வேலை பார்க்கும் இடத்தில் முப்பது பேருக்கு ஒருவர் என்று வைத்தால்கூட அறுநூறுக்கு மேல் லைன் சூப்பர்வைசர்கள் வேண்டும். அவர்கள் வெளியூரிலிருந்து வருவார்களா, தியாகதுருகத்திலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் வருவார்களா என்பது, இங்கே யார் என்ன படித்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கட்டணம் கட்டப் போகிறவர் கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டியவை சில. திறந்தநிலைப் படிப்பு என்றால் அந்த ஆண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதித்திருக்கிறதா? பி.பி.ஏ. என்றால் 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உண்டா? பாடம் எடுப்பவர் எப்போதாவது நாலு பேரை வைத்து வேலை வாங்கியவரா? மாணவர் தன் மண்டியின், தன் சங்கத்தின், தன் குழுவின் கணக்கையே பயிற்சிக்குக் கொண்டுவரலாமா? ஆலை அரவை நடக்கும் மாதங்களில் வகுப்புக்கு வரமுடியாத மேஸ்திரிக்கு வேறு நேரம் தருவார்களா?